உஸ்ஸு டீச்சர்

பதுளை மாவட்டத்தில் பாம்பைவிட நன்றாகச் சீறத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளி டீச்சர். அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. லயத்து வீடுகளில் யாருக்கும் அது நினைவில்லை. ‘உஸ்ஸு டீச்சர்’ என்றால்தான் தெரியும்.

எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுப்பது வீண், சத்தத்தைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ‘ஆனா, ஆவன்னா’ எங்கே என்று நான் கேட்டேன்.

“ஒங்க மாட்டுக்கு என்னாங்க பேரு?”

“லெச்சுமி.”

“அது லெச்சுமின்னா கத்துது? ‘ம்மா’ன்னு தானே கத்துது. எழுத்தும் அப்படித்தாங்க.”



இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ‘ஸ்’ இல்லாமல் யாரும் பெயர் வைப்பதில்லை. அதனால் டீச்சரும் ‘ஸ்’ஸிலிருந்தே தொடங்கினார். நமுனுகுல போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மறுநாள் பாடத்தைப் பழகுவார். ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டு டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டார். கண்டக்டர் இறங்கி ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தார். டீச்சரும் அக்கறையாக இறங்கிக் குனிந்து பார்த்து, “காத்து சரியாத்தான் இருக்கு தம்பி” என்றார். ஏறி உட்கார்ந்ததும் மறுபடியும் ‘ஸ்ஸ்ஸ்.’

வீட்டில் எங்கள் பாடுதான் திண்டாட்டம். என் மகன் காலையில் “ர்... ஒ... ட்...” என்று தொடங்கி முடிப்பதற்குள் ரொட்டி ஆறிவிடும்.

கடைசியில் பெற்றோர் கூட்டம் கூடியது. கணேசன்தான் முன்னால் நின்றார்.

“டவுன் நர்சரில புள்ளைங்க பாட்டா பாடுதுங்க. நம்ம புள்ளைங்க சீறுதுங்க. அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாரையும் வேன்ல டவுனுக்கே அனுப்பிடுவோம்.”

பலர் தலையாட்டினார்கள். பிள்ளைகள் போய்விட்டால் முன்பள்ளியை மூட வேண்டியதுதான். டீச்சர் கரும்பலகைச் சோக்கட்டியை விரலில் உருட்டிக்கொண்டு நின்றார். அன்றுதான் முதன்முதலாக அவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“ஒரு சொல்லாவது வாசிக்குமா இதுங்க?” என்றார் கணேசன்.

“நான் நேத்து வாசிச்சேன்” என்றாள் அவர் மகள் தர்ஷிகா.

“எங்க?”

“கடத்தெருவுல, போர்டுல. த்... அ... த. வ. ற. ணை. தவறணை.” அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க அத வாசிகசாலைன்னு சொன்னீங்கப்பா.”

சாராயம் விற்கும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் தவறணை என்றுதான் பெயர்.

கணேசனின் மனைவி குரலை உயர்த்தவே இல்லை. “அப்ப அந்தியானா போயி என்னத்தங்க வாசிச்சீங்க?”

கூட்டம் சிரித்துச் சிரித்தே கலைந்தது. வேனைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. கணேசன் ஒரு வாரம் வேறு பாதையில் வேலைக்குப் போனார்.

போன மழைக்காலத்தில் டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. உதட்டை மட்டும் அசைத்துப் பாடம் நடத்தினார். கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தவர் கணேசன்தான். “சீக்கிரம் சத்தம் வரணுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

அந்த நாட்களில், குளிரென்றும் பாராமல், முன்பள்ளியைப் பார்த்திருக்கும் எங்கள் வீட்டு ஜன்னலை நான் திறந்தே வைத்திருந்தேன்.