சுல்தானுக்குப் பேரீச்சம்பழம் ஊட்டியவன்

எனக்கு ஒரு குணம் உண்டு. நல்லது செய்கிறேன் என்று நான் இறங்கினால் எதிராளி ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்பான். அப்படி என் அன்பில் மாட்டிச் சாகக் கிடந்தது ஒரு கினிப்பன்றி.

கேரள எல்லையில் இருக்கிற எங்கள் பாறசாலையில் அப்போது வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருந்தார். மீதிப் பேர் விசாவுக்குக் காத்திருந்தோம். நான் பத்தாம் கிளாஸ் முடித்துச் சேர்ந்த பிரீடிகிரியில் தோற்று, பாஸ்போர்ட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு (வேறொரு வேலையும் செய்யாமல்) காத்திருந்தேன். விசா எடுத்துத் தர வேண்டியவர் என் அக்கா புருஷன், ஷார்ஜாவில் இருந்த செல்லப்பன் அத்தான்.

அந்த முறை லீவில் வந்து பெட்டியைத் திறந்தபோது மகள் ஷீபாவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. மனுஷன் மறந்துவிட்டார். ஏழு வயசுக் குட்டி அழுத அழுகை பக்கத்து ஊரான செங்கல் வரை கேட்டிருக்கும். மூன்றாம் நாள் வெளியே போன அத்தான் ஒரு மரக்கூண்டோடு திரும்பினார். உள்ளே பாதி வெள்ளையும் பாதி செம்பட்டையுமாக, வாலே இல்லாத ஒரு கொழுத்த பிராணி.

"ஏர்போர்ட்டில பிடிச்சு வச்சிருந்தானுவ. இப்பந்தான் விட்டானுவ" என்றார்.

ஷீபா அதற்குச் சுல்தான் என்று பேர் வைத்தாள். அது கடல் கடந்து வந்தது என்று எல்லாரும் நம்பினோம். கல்ஃப்காரர் கையில் வந்த பொருளைச் சந்தேகப்படுகிற வழக்கம் அன்று எங்கள் ஊரில் கிடையாது.

ஒரு மாதம் கழித்து அத்தான் அக்காவையும் ஷீபாவையும் ஷார்ஜா சுற்றிக் காட்டக் கூட்டிப் போனார். சுல்தான் என் தலையில் விழுந்தது.

"எலே, ரெண்டு மாசம் இதை ஒழுங்காப் பாத்துக்கோ. திரும்பி வரும்போ இது நல்லா இருந்தா உனக்கு விசா. இல்லேண்ணா ரப்பர் வெட்டப் போயிரு" என்றார் அத்தான்.

ஷீபா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, புல்லு மட்டும் குடுத்தாப் போரும்" என்றாள்.

சின்னக் குட்டிக்கு என்ன தெரியும்? பாலைவனத்துப் பிராணி, பாவம், வேறு வழியில்லாமல் ஒரு மாதமாக நம் தோட்டத்துப் புல்லைத் தின்கிறது என்று நினைத்தேன். அம்மாவும் அதையே சொன்னாள். "கல்ஃபில எங்கலே புல்லு? எல்லாம் மணலாக்கும்."

உடனே ராஜ உபசாரம் ஆரம்பமானது. காலையில் பேரீச்சம்பழம். மதியம் டின் பால்பொடி கரைத்த பால். சாயங்காலம் கிரீம் பிஸ்கட். வெள்ளிக்கிழமை அங்கே லீவு என்பதால் அன்று எல்லாம் இரட்டைப் பங்கு. பார்க்க வந்த பக்கத்து வீட்டுத் தங்கம்மை, "இதுக்கு மலையாளம் மனசிலாவுமா மக்கா?" என்று கேட்டாள். "கொஞ்சம் கொஞ்சம்" என்றேன்!

நான்காவது வாரம் சுல்தான் படுத்துவிட்டது. வயிறு இளகியது, முடி கொட்டியது. பிஸ்கட்டை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் விசா கண்ணெதிரே மெலிந்துகொண்டிருந்தது. ஆனால் அன்று எனக்கு வந்த அழுகை விசாவுக்காக மட்டும் இல்லை. திரும்பி வந்து கூண்டைப் பார்க்கப்போகிற ஷீபாவுக்காகவும்தான்.

கூடையில் துணி விரித்து அதைப் படுக்கவைத்து, பஸ் ஏறி, நெய்யாற்றின்கரை மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூன்று பசு, ஐந்து ஆடு, பிறகு நாங்கள்.

"எந்தா தீற்ற?" என்று தீனியைப் பற்றிக் கேட்டார் டாக்டர்.

தினமும் என்னென்ன ஊட்டுகிறேன் என்று பெருமையாக ஒப்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கொள்ளாம். எனக்குக்கூட இந்தச் சாப்பாடு கிடையாது."

சுல்தானின் வாயைத் திறந்து காட்டினார். பற்கள் நீண்டு வளைந்திருந்தன. இதற்குப் பல் ஆயுசுக்கும் வளருமாம். நாளெல்லாம் புல்லை அரைத்தால்தான் தேயும். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இருக்கிற சத்து தினமும் வேண்டும், அதை அதன் உடம்பு தானாக உண்டாக்காது.

"கல்ஃப் பிராணியாக்கும் சார்" என்றேன், விடாமல்.

கம்பவுண்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "கல்ஃபா? இது நம்ம சந்தைக்குப் பின்னால வளக்கியதில்லியா? செம்பட்டைக் குட்டிய ஒரு ஷார்ஜாக்காரன்தான் வாங்கிட்டுப் போனான்."

பசுக்காரர்கள் சிரித்த சிரிப்பில் பசுக்களே திரும்பிப் பார்த்தன.

டாக்டர் பல்லை வெட்டி, சொட்டு மருந்து தந்து அனுப்பினார். அடுத்த நாளிலிருந்து தினமும் ஒரு கட்டுப் புல், ஒரு துண்டு நெல்லிக்காய், நல்ல தண்ணீர். இரண்டே வாரத்தில் சுல்தான் எழுந்து, என்னைக் கண்டாலே கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. (திட்டியிருக்கலாம்.)

அக்காவையும் ஷீபாவையும் கொண்டுவிட அத்தானும் வந்தார். சுல்தான் பளபளவென்று இருந்தது. "கொள்ளாமே!" என்றார். நான் அவர் காதோரம் போய், "அத்தான், நெய்யாற்றின்கரை சந்தைக்குப் பின்னால இருக்கப்பட்டவர் உங்கள விசாரிச்சாரு" என்றேன்.

அடுத்த மாதமே விசா வந்தது.

இருபத்தைந்து வருஷம் அந்த ரகசியத்தைக் காத்தேன். வீட்டு விசேஷங்களில் அத்தான் பேரீச்சம்பழக் கதையை எடுத்துவிடுவார், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொள்வேன். போன ஓணத்துக்கு, மனசு கேட்காமல், ஷீபாவைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்கு அண்ணைக்கே தெரியும் மாமா. கூண்டுக்க அடியில 'நெய்யாற்றின்கரை'ண்ணு பெயின்ட்ல எழுதியிருந்துதே. அப்பா பாவமில்லியாண்ணு சும்மா இருந்தேன்."

அன்றே விஷயம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது குடும்பத்தில் பேரீச்சம்பழக் கதையை யாரும் சொல்வதில்லை. இரண்டு மாதம் அந்தக் கூண்டைத் தினமும் தேய்த்துக் கழுவியும் அடியில் இருந்த எழுத்தைப் பார்க்காதவன் யார் என்றுதான் கேட்கிறார்கள்.