நாலு வோல்ட்டில் நலங்குப் பாட்டு

புதிதாக ஒரு பொருள் வாங்கினால் மானுவலைப் பிரிக்காமலே ஒயரைச் சொருகுகிற ஆள் நான். அந்தத் திமிர் அடங்கிய இடம், ஆம்பூரில் என் அக்காவின் கல்யாண மண்டபம்.

ஷூ கம்பெனியில் எனக்கு குவாலிட்டி செக்கர் வேலை. குறை சொல்லியே பழகிய வாய், சவுண்ட் சர்வீஸ் பாஷா பாயின் பழைய ஆம்ப்ளிஃபயரைப் பார்த்ததும் சும்மா இருக்குமா?

"பாய், போன்லேர்ந்து நேரா குடுத்தா பாட்டு சப்புனு இருக்கும். எங்கிட்ட டி.ஏ.சி. இருக்கு." (டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றித் தரும் பெட்டி. ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருப்பது. எனக்கு எதற்கு என்று கேட்காதீர்கள்.)

"பழைய மிஷினுப்பா, ஒத்துக்குமா?"

"நீங்க கம்முனு பாருங்க பாய்."

முதல் பாட்டே, மாப்பிள்ளையின் அம்மா (எனக்கு அத்தை முறை) மகனுக்காகத் தானே பாடி ரகசியமாகப் பதிந்து வைத்திருந்த நலங்குப் பாட்டு. பொத்தானை அமுக்கினேன். தோல் பதனிடும் டிரம்முக்குள் கருங்கல்லைப் போட்டுச் சுற்றியது போல ஒரு சத்தம்! முன்வரிசைக் குழந்தைகள் அலறின. வால்யூமைக் குறைத்தேன். அதே கரகரப்பு, கொஞ்சம் மெதுவாக.

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. "என் குரலாப்பா இது?"

மாப்பிள்ளையின் மாமா எழுந்தார். "இன்னாப்பா, கிண்டலா? வேணும்னே பண்றீங்களா?"

மேடையிலிருந்து அக்கா பார்த்த பார்வையில் என் சட்டை பொசுங்கியது.

வேறு வழியில்லாமல் போனில் மானுவலைத் தேடிப் படித்தேன். பெட்டி தள்ளுவது நாலு வோல்ட். பாயின் மிஷினுக்கு அரை வோல்ட்டே ஜாஸ்தி. மிஷினின் வாசலிலேயே பாட்டு நசுங்கிவிடுகிறது. அப்புறம் வால்யூமைத் திருகி என்ன புண்ணியம்?

"பாய், ரெசிஸ்டர் இருக்கா? பத்து கே ஒண்ணு, ஒரு கே ஒண்ணு."

"டப்பா நெறைய இருக்கு!"

பட்டு வேட்டியோடு மேடைக்குப் பின்னால் மண்டியிட்டு இரண்டையும் பாயின் சால்டரிங் கம்பியால் ஒயரில் பற்ற வைத்தேன். ரெசிஸ்டர் மின்சாரத்தை மட்டுப்படுத்தும்; இனி நாலு வோல்ட்டில் பதினொன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். மறுபடி அமுக்கினேன்.

அத்தை பாடினார். இரண்டு வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. பந்தியிலிருந்து ஆட்கள் எச்சில் கையோடு எட்டிப் பார்த்தார்கள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா என் கையைப் பிடித்தார். "இன்னொரு வாட்டி போடுப்பா."

மூன்று முறை போட்டேன். அன்று மாப்பிள்ளைகூட என்னளவு நெஞ்சை நிமிர்த்தி நடக்கவில்லை.

இப்போதும் அக்கா வாழப்போன பேரணாம்பட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் முட்டிக்கொண்டால், அத்தை எனக்குத்தான் போன் போடுவார்: "தம்பி, உங்க அக்கா நாலு வோல்ட்ல பேசறா. ரெண்டு ரெசிஸ்டர் எடுத்துக்கிட்டு பஸ் ஏறு!"