மாமாவின் கன்னத்துச் சிவப்பு குறித்து

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காளின் கணவனும், அகராதி அலுவலகத்தில் சொற்களின் பிறப்பை ஆராய்பவனுமாகிய நான், இரு நோக்கங்களுடன் இதை எழுதுகிறேன். ஒன்று, இன்றைய இரங்கல் பேச்சில் நான் மறைந்த மாமாவை அவமதிக்கவில்லை என நிறுவுவது. மற்றது, மயங்கி விழுந்து மருத்துவமனையில் இருக்கும் அத்தை நாளை காலை வந்து பார்க்குமுன் மாமாவின் முகப்பூச்சை அகற்றக் கோருவது. நலம் விசாரிக்கும் நிலையில் நாம் இருவருமே இல்லையாதலால் அதை விட்டுவிடுகிறேன்.

ஆயுள் முழுக்கக் குழாய் பழுதுபார்த்த மனிதருக்கு மினுமினுக்கும் கோட்டு, மையிட்ட மீசை, கன்னத்தில் சிவப்பு, சவப்பெட்டியைச் சுற்றி அணைந்து அணைந்து எரியும் வண்ண விளக்குகள்! "நாலு வார்த்தை பேசுங்க அத்தான்" என்றவர் நீங்கள்தான். பேசினேன். இத்தகைய அலங்காரத்துக்கு ஆங்கிலத்தில் 'பிடைசன்' என்றொரு வினைச்சொல் உண்டு என்றேன். எங்கள் அலுவலகத்தில் பிறப்பைக் கூறாமல் பொருளைக் கூறும் வழக்கமில்லை. ஆகவே, 'டைசன்' என்பது ஆதியில் நூற்கும் கழியில் நாரைச் சுற்றுவதையே குறித்தது, பிறகு ஆளை உடுத்துவதைக் குறித்தது, முன்னொட்டு சேர்ந்ததும் பகட்டால் முழுதும் மூடுவதாயிற்று என விளக்கத் தொடங்கினேன். கழி என்றபோது கை மாமாவைச் சுட்டியது உண்மை. உடனே உங்கள் அக்காள், "எங்கப்பா உங்களுக்குக் குச்சியாப் போயிட்டாரா?" என்று எழுந்தாள், உங்கள் பெரியப்பா "மைக்கைப் பிடுங்குங்கடா" என்றார், நான் இன்னும் பதினேழாம் நூற்றாண்டுக்கே வரவில்லை என மன்றாடினேன், நீங்களோ "வரவே வேணாம், வெளிய போங்க" என்று தள்ளி, பெட்டி தூக்கவும் என் தோள் வேண்டாமென்று சொல்லிவிட்டீர்கள்.

இந்தக் குடும்பத்தில் என் பேச்சை இறுதிவரை கேட்டவர் மாமா ஒருவரே. கடைசி நாட்களில் அவர் உங்களைத் தவிர எவரையும், அத்தையைக்கூட, அறைக்குள் விடவில்லை. நாளையாவது அத்தை பார்ப்பது அவருடைய முகமாக இருக்கட்டும்.

உங்கள் மனம் ஆறுக, குடும்பம் தழைக்க.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: சான்றின்றிக் கோருவது முறையன்று என்பதால், உறையை ஒட்டுமுன் கூடத்துக்குச் சென்று ஈரக் கைக்குட்டையால் ஒரு கன்னத்தைத் துடைத்தேன். மெழுகு கையோடு வந்தது. அடியில் கன்னம் இல்லை, பல் தெரிந்தது. நோய் அவ்வளவு தின்றிருக்கிறது. அத்தையின் கண்ணில் அது படக்கூடாதென்றே நீங்கள் இவ்வளவும் செய்திருக்கிறீர்கள். மேற்கண்ட கோரிக்கையை முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன். இப்போது ஒப்பனைக்காரரின் வீட்டுக்குப் போகிறேன். அத்தை வருமுன் அவரை அழைத்துவந்து முன்னைவிடத் தடிமனாகப் பூசச் சொல்வேன். முடியும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், பக்கத்தில் நிற்பேன்.