செஸ்ட்நட் மரத்துக்கு ஒரு குழி

சேஷகிரி ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதை மாற்றும் சக்தி இந்த உலகத்தில் ஒருவருக்கும் கிடையாது, யசோதாவைத் தவிர. அன்று காலை எடுத்த முடிவையோ அவளாலும் அசைக்க முடியாது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். காபி டம்ளரை மேஜைமேல் டக்கென்று வைத்தார். சட்டையில் கொஞ்சம் சிந்தியது. பரவாயில்லை.

“யசோதா, கொல்லையில செஸ்ட்நட் மரம் வைக்கப் போறேன்.”

எல்லாம் ஒரு வீடியோவால் வந்தது. முந்தின நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யசோதாதான் அதைப் போட்டிருந்தாள். எங்கேயோ ஒரு தோட்டக்காரர் ஹைப்ரிட் செஸ்ட்நட் மரத்தடியில் முள்ளு முள்ளான காய்களை மிதித்துப் பிளந்து, உள்ளே இருக்கும் பழுப்புக் கொட்டைகளைக் கூடை கூடையாகப் பொறுக்குகிறார். கீழே யசோதா ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘இதெல்லாம் இவரால ஆகற காரியமா!’ பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி. வங்கியில் ஒரு கிளையையே ஆட்டிப்படைத்து ஓய்வு பெற்றவரை ஒரு மஞ்சள் மூஞ்சி பார்த்துச் சிரிப்பதா?

ஆனாலும் உள்ளுக்குள் உதறல்தான். காரணம், அந்தக் கொல்லை. ஜெயநகரில் அப்பா கட்டிய வீடு. பின்னால் துளியூண்டு மண். அந்தத் துளியூண்டு மண்ணுக்காக மூன்று கோடையாக வீட்டில் மகாயுத்தம். போர்வெல்லைப் போட்டால் வெறும் காற்று வருகிறது. யசோதா தண்ணீர் டாங்கர்காரரிடம் போனில், “அண்ணா, ஸ்வல்ப பேக பர்ரி”, கொஞ்சம் சீக்கிரம் வாங்கோ என்று கன்னடத்தில் கெஞ்சாத நாள் இல்லை. மாடியில் விழும் மழையைப் பூமிக்குள் இறக்க ஒரு குழி வெட்டுங்கோ என்பது அவள் கட்சி. “நான் இருக்கற வரைக்கும் என் கொல்லையில குழி விழாது” என்பது அவர் கட்சி. மச்சினன் பெண் கல்யாணத்தில், பந்தியில், நாலு பேர் காதில் விழும்படி இதை அவர் சொல்லியிருந்தார். இனி பின்வாங்கினால் மானம் போய்விடும்.

ஆகவே யசோதா எரிமலையாக வெடிப்பாள் என்று எதிர்பார்த்து, வாதங்களை வரிசைப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வைங்கோளேன்” என்றாள் அவள், கீரையை ஆய்ந்தபடி.

சேஷகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மரம், யசோதா. பெரிய மரம்.”

“அதான், வைங்கோன்னேனே. எந்த ரகம்?”

ரகம் வேறு கேட்கிறாள்! முப்பது வருஷ தாம்பத்தியத்தில் இப்படி ஒரு அதிர்ச்சியை அவர் கண்டதில்லை. ஆனால் கேட்டுவிட்ட பிறகு அவரால் சும்மா இருக்க முடியுமா?

“ஹைப்ரிட்தான் வைக்கணும். சீனா மரம் நோய் தாங்கும். அமெரிக்கா மரம் ஓங்கி வளரும். ரெண்டையும் கலந்தா...”

“ரெண்டு பேருக்கும்தான் ஆகவே ஆகாதே?”

“மரத்துக்கு அரசியல் கிடையாது.”

“ஒரு மரம் போறுமா?”

“போறாது. தனியா நின்னா காய்க்காது. மகரந்தத்துக்குப் பக்கத்துல இன்னொண்ணு வேணும். கொல்லையில ஒண்ணு, வாசல்ல ஒண்ணு.”

“ஒரே ரகமா ரெண்டு வெச்சா?”

“ஊஹும். வேற வேற ரகமா இருக்கணும். ஒண்ணோட குணம் இன்னொண்ணுக்கு இருக்கப்படாது.”

“அப்படிப் பாத்தா நம்ம ரெண்டு பேரும் கொத்துக் கொத்தா காய்ச்சுத் தள்ளியிருக்கணுமே” என்று சொல்லிவிட்டு அவள் கீரையோடு உள்ளே போய்விட்டாள்.

மலைப்பக்கத்து நர்சரியிலிருந்து இரண்டு ஒட்டுக் கன்றுகள் பெட்டியில் வந்து இறங்கின. சேஷகிரி வீடியோவை மறுபடி போட்டார். தோட்டக்காரர் மண்வெட்டியைக் கையில் எடுக்கும் கட்டம் வந்ததும் அவருக்கும் வீரம் வந்துவிட்டது. போனை அணைத்தார். கடப்பாரையை எடுத்தார்.

முழங்கால் ஆழம் வந்ததும், “போறும்” என்றார்.

“போறுமா?” யசோதா கொல்லைப் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். “செஸ்ட்நட்டுக்கு அடியிலே தண்ணி நின்னா வேர் அழுகிடுமாமே. ஆழமா வெட்டினாத்தானே வடியும்?”

உண்மைதான். வீடியோவிலும் தண்ணீர் தேங்கக்கூடாது என்று சொன்னார்கள். வெட்டினார். இடுப்பு வரை வந்தது.

“போறும், யசோதா.”

“ஓங்கி வளரும்னேளே. வேர் எங்கே போகும், மாமியாராத்துக்கா?”

வெட்டினார். மார்பு வரை போனபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

“யசோதா, இது குழியாச்சே?”

“சீச்சீ! குழியாவது? நீங்கதான் கொல்லையில குழி வெட்டவே மாட்டேளே. இது பாத்தி.”

பாத்தி என்று கேட்டதும் அவருக்கு உயிர் வந்தது. சாயங்காலம் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வழுக்கை மட்டும்தான் தெரிந்தது. யசோதா மோரைத் தூக்குவாளியில் வைத்துக் கயிறு கட்டி இறக்கினாள். அந்தக் கரிசனத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளோடா மூன்று கோடை சண்டை போட்டோம்!

மறுநாள் காலை வாசலில் ஒரு பாரம் கல், ஒரு பாரம் ஜல்லி, ஒரு பாரம் மணல்.

“இது எப்போ வந்தது?”

“வடிகாலுக்கு. அடியிலே கல்லு, மேலே ஜல்லி, அதுக்கு மேலே மணல். நீங்க சிரமப்படப்படாதுன்னு நானே சொல்லி வெச்சேன்.”

அவர் சிரமப்படக்கூடாது என்று சொல்லி வைத்த அத்தனையையும் அவரேதான் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினார். முடித்தபோது இடுப்பு அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தது.

“மண்ணு? கன்னு?”

“அதெல்லாம் அப்புறம். முதல்ல வைத்தியசாலைக்குப் போய் எண்ணெய் தடவிண்டு வாங்கோ.”

போனார். குப்புறப் படுத்திருந்தபோது வெளியே வானம் பிளந்துகொண்டு கொட்டியது. கன்று நடுவதற்கு என்ன அருமையான ஈரம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே ஆட்டோ பிடித்தார். வீட்டுக்கு வந்து ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நேரே கொல்லைக்குப் போனார்.

அவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

மாடியிலிருந்து புத்தம்புதிய பைப் ஒன்று சுவரோடு இறங்கி, அழகாக வளைந்து, அவருடைய பாத்திக்குள் வாயை வைத்திருந்தது. மாடித் தண்ணீர் அத்தனையும் களகளவென்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு தேங்கவில்லை. வடிகால் அவ்வளவு பிரமாதம்.

“என் மரம் எங்கே?” என்று அலறினார்.

“சீனு வந்திருந்தான். ரெண்டு கன்னையும் மடிகேரிக்கு எடுத்துண்டு போயிட்டான்.” சீனு யசோதாவின் தம்பி. காப்பித் தோட்டம் வைத்திருப்பவன். “செஸ்ட்நட் காய்க்கணும்னா நல்ல குளிர் வேணுமாம். நம்மூர்க் குளிர் ஸ்வெட்டருக்குத்தான் போறும். அதுக்குப் போறாது.”

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“நான் வீடியோவைக் கடைசி வரைக்கும் பாத்தேன். நீங்க பாதியிலேயே கடப்பாரையை எடுத்துண்டுட்டேள்.”

சேஷகிரி கொல்லைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குழி விழாது என்று ஊர்கூடிய பந்தியில் சபதம் போட்டவர், தன் கையாலேயே வெட்டி, தானே கல் சுமந்து, தானே மணலும் போட்டு முடித்திருக்கிறார். கோபம் வந்தது. எழுந்து நின்று கத்தலாம் என்று பார்த்தால் இடுப்பு விடவில்லை. தண்ணீர் இறங்கும் சத்தம் வேறு கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

வாசலில் மணி அடித்தது. எதிர் வீட்டு ஷெர்வின், குடையும் சிரிப்புமாக நின்றான். ஒரு வாரம் ஹைதராபாத்தில் ஆபீஸ் வேலையாக இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தான். சேஷகிரி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே யசோதா.

“அங்கிள், உங்ககிட்ட கடப்பாரை இருக்கா?”

“எதுக்கு?”

“செஸ்ட்நட் மரம் வைக்கப் போறேன் அங்கிள்! ஹைப்ரிட்! அன்னா ஒரு வீடியோ அனுப்பினா. அனுப்பிட்டு, இதெல்லாம் உன்னால ஆகற காரியமான்னு கேக்கறா அங்கிள். என் பொண்டாட்டி, என்னைப் பாத்து! விட முடியுமா?”

சேஷகிரிக்கு இரண்டாம் முறை மூச்சு நின்றது. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லி இந்த அப்பாவியையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் யசோதா முந்திக்கொண்டாள்.

“கடப்பாரை மட்டும் என்னத்துக்கு ஷெர்வின்? நாளைக்குக் காலையில அங்கிளையும் சேத்து அழைச்சுண்டு போங்கோ. அவருக்கு இப்போ கை நன்னாப் பழகியிருக்கு.”