பூனை யார் பக்கம்?

தையல்காரர் ஊரார் உடம்பையெல்லாம் அரை அங்குலம் பிசகாமல் அளந்துவிடுவார். மனைவியின் மனசில் தனக்கு எத்தனை அங்குலம், வீட்டுப் பூனைக்கு எத்தனை அங்குலம் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"என் தங்கம்! என் செல்லக்குட்டி!" என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கும். மிஷினை நிறுத்திவிட்டு ஆசையாகத் திரும்பிப் பார்ப்பார். பார்த்தால் பூனை. அவருக்கு வயிறு பற்றி எரியும்.

"என்னை ஒரு நாளாவது தங்கம்னு கூப்பிட்டிருக்கியா?"

"கூப்பிட்டா மடியில வந்து சுருண்டுக்குவீங்களா? அது என்மேல உசிரையே வச்சிருக்குங்க."

"உசிரு உன்மேல இல்லடி, நீ போடற மீன்மேல! நாளைக்கு நான் போட்டா என் பின்னாடி வரும்."

"கிழிச்சீங்க! காலையில அஞ்சு மணிக்கு அதுக்கு மீன் வேகணும். உங்களுக்கு விடியறதே எட்டு மணிக்கு."

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே மாதத்தில் பூனையைத் தன் பக்கம் இழுத்து, அவளையும் இதே மாதிரி வயிறெரிய வைப்பதென்று அங்கேயே சபதம் போட்டார்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தார். மீனை வேகவைத்து, முள் எடுத்து, ஊதி ஊதி ஆற்றிப் போட்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு அது அசிங்கம் பண்ணிவைத்த மண் தட்டையும் மாற்றினார். தனக்கென்று ஒரு வாய் வெந்நீர்கூட வைத்தறியாத மனுஷன்! நாலாம் நாள் பூனை காலை உரசியது. பத்தாம் நாள் மிஷினடியில் வந்து படுத்தது. அவள் கதவோரம் நின்று பெருமூச்சு விட்டாள்.

"மூணு வருஷம் வளர்த்தேன். இப்படிப் பண்ணிடுச்சே!"

அந்தப் பெருமூச்சு அவருக்குத் தேனாக இனித்தது. மறுநாள் ஒரு துண்டு மீன் கூடுதலாக வெந்தது.

மாதக் கடைசியில் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். மணி எட்டு. அவள் அப்போதுதான் போர்வையை விலக்கிச் சோம்பல் முறித்தாள்.

"இப்ப சொல்லு, பூனை யார் பக்கம்?"

"உங்க பக்கம்தாங்க. சந்தேகமே இல்ல."

"உனக்கு வயிறு எரியலையா?"

"எதுக்கு எரியணும்? மூணு வருஷம் கழிச்சு இப்பதான் நிம்மதியா எட்டு மணி வரைக்கும் தூங்கறேன்."

"அப்போ... அந்தப் பெருமூச்சு?"

"அது ஒண்ணு விடலைன்னா பதினோராம் நாளே இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுத்திருப்பீங்களே!"

சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். தையல்காரர் பூனையும் தோளுமாக அப்படியே நின்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"என் தங்கம்! என் செல்லக்குட்டி!"

பூனை இங்கே தோளில் இருக்கிறது. அப்படியானால் இந்தத் தடவை தன்னைத்தான்! ஆசை தாங்காமல் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்.

அவள் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தபடி அடுப்பைத் தடவிக் கொடுத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.