ஃபோர்க்கை அமுக்கிப் பார்ப்பவர்

சைக்கிள் உலகத்தில் இரண்டு இனம் உண்டு. ஏறி ஓட்டுகிறவர்கள் ஓர் இனம். நின்றபடியே அமுக்கிப் பார்க்கிறவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. வருவார்கள், ஓட்டுவார்கள், விழுவார்கள், மண்ணைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். நான் இங்கே சொல்ல வந்தது இரண்டாவது இனத்தைப் பற்றி. இவர்களை நான் அறிந்த அளவுக்கு இந்தப் பூமியில் வேறு யாரும் அறிந்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்வேன். பஞ்சர் ஒட்டி முன்னுக்கு வந்த கை இது. பள்ளிக்கூடம் என்னை ஐந்தாவதோடு கைவிட்டது. நான் அதை நாலாவதிலேயே கைவிட்டிருந்தேன். இன்று கடைவீதியில் பெரிய சைக்கிள் கடை, பின்கட்டில் சொந்த வெல்டிங் பட்டறை, வாசலில் என் படம் போட்ட பலகை. படத்தில் முடி கொஞ்சம் அதிகம். வரைந்தவர் மரியாதை தெரிந்தவர்.

அமுக்கிப் பார்ப்பவரை எப்படி அடையாளம் காண்பது? கடைக்குள் வந்ததும் யாரும் கேட்காமலேயே, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பார். சும்மா பார்க்க வந்தவர் பால்காரர் ஓட்டுகிற சைக்கிளைப் பார்ப்பாரா? மாட்டார். கடையிலேயே உசத்தியான சைக்கிளிடம் நேரே போவார். மலையுச்சியிலிருந்து கல், வேர், பள்ளம் எதையும் பாராமல் கீழே பாய்வதற்கென்றே செய்த சைக்கிள் அது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் தடியாக இருக்கும். இடுப்புக்குள் பின்சக்கரத்துக்கென்று ஒரு ஷாக் அப்சார்பர் ஒளிந்திருக்கும். அதன்முன் நின்று, தொண்டையைச் செருமி, முன்பிரேக்கைப் பிடித்து, இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்குவார். ஃபோர்க் உள்ளே போகும், வெளியே வரும். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு ஒரு "ம்ம்".

அந்த "ம்ம்" இருக்கிறதே, ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வரும் பெரிய டாக்டர்கூட அப்படி ஒரு "ம்ம்" போடமாட்டார்.

அடுத்து சீட்டை அமுக்குவார். சக்கரத்தைச் சுண்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். ஃபிரேமை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், கதவைத் தட்டுகிற மாதிரி. யாரும் திறக்கமாட்டார்கள். "ரீபவுண்டு கொஞ்சம் வேகமா இருக்கே" என்பார். அமுக்கிய ஃபோர்க் திரும்பி எழுகிற வேகத்தைச் சொல்கிறார். எதைவிட வேகம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் அன்றைய பொழுது போய்விடும். "நீங்க மலையிலே ஓட்டுறதுண்டா?" என்றும் கேட்காதீர்கள். முழங்காலைத் தடவுவார். "இப்ப கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்கேன்" என்பார். கடைசியில் ஒரு பெல் வாங்கிக்கொண்டு போவார்.

நான் இவர்களில் எத்தனையோ பேரைப் பார்த்து, பெல் விற்று, வீடு கட்டியவன். ஆனால் இந்த இனத்தின் சிகரம் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் வெளியே தேட வேண்டியதில்லை. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். என் மாப்பிள்ளை.

நல்ல மனிதர். குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் கதவுக்குக் கீல் வடிவமைக்கிற இன்ஜினீயர். அவர் வடிவமைத்த கதவு தானாகவே மூடிக்கொள்ளும். அவர் வாய் மட்டும் மூடாது. என் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு கிடைக்கிற நாளெல்லாம் மலைக்குப் போய், மேலிருந்து கீழே சைக்கிளில் பாய்ந்து வருவாள். துணிச்சல் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. இந்த வருஷப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவர்களை ஒரு பெரிய பந்தயக் குழு சேர்த்துக்கொள்வதாக அறிவித்திருந்தது. "இந்தத் தடவை இல்லேன்னா இனி நான் பந்தயத்துக்கே போறதில்லப்பா. ஷூவைக் கழட்டி ஆணியில மாட்டிடுவேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டு சொல்கிற எதையும் மாற்றியதில்லை.

மாப்பிள்ளை உடனே அறிவித்தார்: "கடையில விக்கிற சைக்கிள் இவளுக்குச் சரிவராது மாமா. புதுசா நான் டிசைன் பண்றேன்."

அன்றோடு எங்கள் வீட்டில் துணி காய்வது நின்றது. கொடியில் இருந்த கிளிப்புகள் எல்லாம் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டன. மரக்கிளிப்புகளையும் இரண்டு ஸ்கேலையும் கோத்து, சைக்கிளின் பின்பாதியைச் செய்து, மேலும் கீழும் ஆட்டிக் காட்டுவார்.

"பாருங்க மாமா. பின்சக்கரத்தைத் தாங்குற கை ஃபிரேமோட சேர்ற கீல் இருக்கே, அது பெடலுக்கு நேரா இருக்கக் கூடாது. நல்லா மேல ஏத்தி வைக்கணும்."

"ஏத்தினா?"

"சக்கரம் கல்லுல முட்டினா மேல மட்டும் போகாது. கொஞ்சம் பின்னாலயும் ஒதுங்கும். கல்லோட சண்டைக்கு நிக்காது."

"ஒதுங்கினா செயினு விண்ணுனு இழுக்குமே மாப்ளே?"

"அப்படியில்ல மாமா."

இந்த "அப்படியில்ல மாமா"வைக் கவனியுங்கள். நான் சொன்னது தவறு என்றால் "அப்படியில்ல மாமா". சரி என்றால் அதற்கும் "அப்படியில்ல மாமா". பிறகு நான் சொன்னதையே நீட்டிச் சொல்வார். செயின் இழுக்காமல் இருக்க நடுவில் ஒரு சின்னப் பல்சக்கரம் வைத்து அதன்மேல் செயினை ஓட்ட வேண்டும் என்று விளக்கிவிட்டு, இன்னொரு கிளிப்புக்காகக் கொடிக்குப் போனார்.

என் வீட்டுக்காரி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "தலையணை உறையெல்லாம் பக்கத்து வீட்டு மாடியில கிடக்கு. கேட்டா சஸ்பென்ஷன்கிறாரு. பொண்ணைக் குடுத்தோம், சரி. கிளிப்பையுமா குடுக்கணும்?"

ஃபோர்க் எவ்வளவு முன்னே சாய வேண்டும், பின்சக்கரத்தின் கை எவ்வளவு நீள வேண்டும், எந்தக் குழாயை எங்கே வளைக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, என் பட்டறையில் ஃபிரேம் உருவானது. பற்ற வைத்தது நான். அந்த வெல்டிங்கைத் தடவிப் பார்த்தால் சீப்பால் வாரிய தலைபோல் இருக்கும். ஃபோர்க், ஷாக் இரண்டுமே காற்றடைத்து வேலை செய்கிறவை. என் கடையிலேயே உசத்தியானவை.

இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. இந்த மாதிரி சைக்கிளில் ஏறினால் ஃபோர்க்கும் ஷாக்கும் ஆளின் எடைக்குக் கொஞ்சம் அமிழ வேண்டும். அதிகம் அமிழ்ந்தால் மலையில் தரை தட்டும். அமிழாவிட்டால் கல்லுக்குக் கல் தூக்கி எறியும். அதற்குத் தகுந்தபடி சின்னப் பம்பால் காற்றடிக்க வேண்டும். எவ்வளவு அமிழ்ந்தது என்பதைக் காட்ட, குழாயில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். அமிழும்போது மேலே தள்ளப்பட்டு, அங்கேயே நின்றுவிடும். எளிமையான ஏற்பாடு.

மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். நான் பிடித்துக்கொண்டேன். இறங்கினார், வளையத்தைப் பார்த்தார், காற்றடித்தார், மறுபடி ஏறினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதுதான். ஒருமுறை கூடுதலாக அடிப்பார்; ஒருமுறை துளி விடுவார். கடைசியில் வளையம் அவர் நினைத்த கோட்டில் நின்றபோது, பிள்ளை பிறந்த செய்தி கேட்ட முகம் அவருக்கு. நானும் ஏறிப் பார்த்தேன். கச்சிதம். எங்கள் இருவர் எடையும் ஏறக்குறைய ஒன்று. நாங்கள் உட்கார்ந்தால் எந்த நாற்காலியும் ஒரு வார்த்தை பேசும். மகளுக்கு அந்த வாரமெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலை. புது சைக்கிளில் அவள் முதன்முதலாக ஏறியது பந்தயத்தன்று காலையில், மலைமேல், பயிற்சி ஓட்டத்துக்குத்தான்.

நாங்கள் இருவரும் அடிவாரத்தில் நின்றோம். அவள் வந்தாள். சைக்கிளில் அல்ல, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. முழங்கையில் தோல் வழண்டிருந்தது.

"கை மரத்துப்போச்சு. மலை முழுக்க என்னை உதைச்சுக்கிட்டே வருது. கடைசித் திருப்பத்துல தூக்கியே போட்டுருச்சு" என்றாள். எங்கள் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்தாள். பந்தயம் மத்தியானம்.

அடுத்து என்ன நடந்தது என்கிறீர்கள்? அமுக்கிப் பார்ப்பவர்கள் வந்தார்கள். எங்கிருந்துதான் வருவார்களோ! எங்காவது ஒரு சைக்கிள் சரியில்லை என்றால் போதும், மிட்டாய் விழுந்த இடத்தில் எறும்பு வருவதுபோல் வந்துவிடுவார்கள். ஒவ்வொருவராக முன்பிரேக்கைப் பிடித்தார்கள். ஒவ்வொருவராக அமுக்கினார்கள். "ம்ம்" என்றார்கள்.

"ஃபோர்க் சாய்வு ஜாஸ்தி" என்றார் ஒரு தொப்பிக்காரர்.

"அப்படியில்லங்க" என்றார் மாப்பிள்ளை.

"அந்தக் குட்டிப் பல்சக்கரந்தான் வம்பு. நான் பாத்ததுமே நெனச்சேன்" என்றார் இன்னொருவர்.

"அப்படியில்லங்க."

"வெல்டிங்ல ஏதாவது கோளாறு இருக்கும்" என்றார் மூன்றாமவர், கறுப்புக் கண்ணாடிக்காரர்.

எனக்கு உச்சி முடி நட்டுக்கொண்டது. "யோவ், கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருய்யா! என் வெல்டிங்ல கோளாறா? யானையைக் கட்டித் தொங்கவிடு, யானைதான் அறுந்து விழும்!" அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, இரண்டடி பின்னால் போனார்.

கீலைப் பற்றி, கோணத்தைப் பற்றி, எண்ணெயைப் பற்றி எல்லாரும் பேசினோம். நானும் நிறையப் பேசினேன். பேசியதில் பெரும்பகுதி சரியாகவே இருந்தது. பேசாமல் இருந்தது மகள் ஒருத்திதான். முழங்கையைக் கழுவிவிட்டு வந்து, சைக்கிள் பக்கத்தில் குந்தி, குழாயை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த வளையம் பாதிக்குக்கூட வரலையே. அவ்வளவு பெரிய கல்லுல குதிச்சிருக்கேன்."

"அப்போ ஃபோர்க் பிரமாதமா தாங்குதுன்னு அர்த்தம்" என்றார் மாப்பிள்ளை.

"எங்க தாங்குது? அது அசையவே இல்ல. நான்தான் தாங்கினேன். யாரை உக்கார வச்சுக் காத்தடிச்சீங்க?"

தொப்பிக்காரர் தொப்பியைச் சரிசெய்தார்.

"நான்தான் உக்காந்தேன்" என்றார் மாப்பிள்ளை.

"அப்புறம்?"

"மாமாவும் ஒருதரம்..."

மகள் என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். அழகான மலை.

"நோயாளிக்கு பிரஷர் பாருங்கன்னா டாக்டர் தன் கையில பட்டியைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு! ஓட்டப்போறது நான்தானே டிசைனர் சார்? என் எடை என்னன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மாப்பிள்ளை நெளிந்தார். கல்லின் எடை தெரியும், குழாயின் எடை கிராம் கணக்கில் தெரியும். ஆனால் கட்டிய மனைவியிடம் போய் எடை கேட்கிற தைரியம் எந்த ஆம்பளைக்கு உண்டு, சொல்லுங்கள்? "கேட்டா நீ கோச்சுக்குவியோன்னு..." என்று இழுத்தார்.

"கோச்சுக்கத்தான் செஞ்சிருப்பேன். கோச்சுக்கிட்டு சொல்லியிருப்பேன்ல?"

சொல்லிவிட்டு அவர் காதருகே குனிந்து ஓர் எண்ணைச் சொன்னாள்.

"அவ்வளவுதானா!" என்று மாப்பிள்ளை கத்திவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த பாராட்டுகளில் அதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். மகளுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது.

மூடியைத் திருகி வால்வை அழுத்தினார். புஸ்ஸென்று காற்று போனது. கூடவே அவருடைய ஞாயிற்றுக்கிழமையும் போனது. அவள் ஏறி நின்றாள். அவர் மண்ணில் மண்டியிட்டு வளையத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் விட்டார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். அமுக்கிப் பார்ப்பவர்கள் யாரும் அமுக்கவில்லை. அமுக்க வந்த ஒருவரை நான் பார்த்த பார்வையில் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மத்தியானம் ஒவ்வொருவராக மேலிருந்து இறக்கிவிட்டார்கள். அடிவாரத்திலிருந்து பார்த்தால் கடைசித் திருப்பம் மட்டும்தான் தெரியும். கரடுமுரடான கல் படுக்கை, அதைத் தாண்டினால் ஒரு குதி, பிறகு எல்லைக்கோடு. காலையில் அவளைத் தூக்கிப்போட்ட இடம் அதுதான். மாப்பிள்ளை என் கையைப் பிடித்திருந்தார். மனிதருக்குக் கை சில்லிட்டிருந்தது. எனக்கு இல்லை, எனக்கு வேர்த்திருந்தது.

அவள் வந்தாள். கல் படுக்கையில் பின்சக்கரம் கல்லுக்குக் கல் பின்னால் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட, உடம்பு மட்டும் ஆடாமல் அப்படியே மிதந்து வந்தது. கிளிப்பில் ஆட்டிக் காட்டினாரே, அச்சு அசல் அதேதான். மனுஷன் கண்டுபிடித்தது உண்மை, நான் மறுக்கமாட்டேன். குதித்தாள். ஃபோர்க் முழுசாக உள்ளே போய் எழுந்தது. கோட்டைத் தாண்டினாள்.

மூன்றாம் இடம்.

குழுவின் மேலாளர் வந்து அவள் கையைக் குலுக்கி, "எங்களோட வந்துடுங்க" என்றார். சைக்கிளைச் சுற்றிவந்து, "யார் டிசைன்?" என்று கேட்டார். மகள் யோசிக்காமல் கணவரைக் காட்டினாள். "ரொம்பப் புதுமையா இருக்கு சார். கீலை மேல ஏத்தினதுதான் ரகசியம், இல்லையா?" என்றார் மேலாளர்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "அப்படி" என்ற வரைக்கும்தான் வெளியே வந்தது. மிச்சத்தை என் கையால் பொத்தி, தண்ணீர் குடிக்க அழைத்துக்கொண்டு போய்விட்டேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். "எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது, ஃபோர்க் என்றால் என்னவென்றே தெரியாது, இந்த ஆளோடு எனக்கென்ன சம்பந்தம்" என்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரில் மாட்டியது நீங்கள்தானே? ஆணி அடித்ததும் எதிரே நின்று, தலைசீவி, "கச்சிதம்" என்று சொன்னதும் நீங்கள்தானே? வீட்டிலேயே குட்டையானவரைக் கூப்பிட்டு இன்று அதன்முன் நிற்கச் சொல்லுங்கள். அவருக்கு அதில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். உச்சந்தலை மட்டும்தான் என்றால், ஒருநாள் என் கடைப்பக்கம் வாருங்கள். உங்களுக்கென்று ஒரு பெல் எடுத்து வைக்கிறேன்.