கனகலட்சுமி பச்சை கண்ட படலம்

வாழ்க கனகலட்சுமி! ராஜபாளையத்துக் கொதிவெயிலை வென்றவளும், ஆறாண்டு ஆராய்ச்சியில் சோறு மறந்தவளும், "எப்பத்தான் முடிப்ப?" என்று எதிர்ப்படும் அத்தைமார் சேனையைப் புன்னகை ஒன்றாலேயே புறங்கண்டவளுமாகிய அவ்வீராங்கனையின் புகழைப் பாடப் புகுந்தோம், பாடி முடிக்கும்வரை கரண்டு போகாதிருக்கக் கணபதி காக்க.

கல்லூரியின் இயற்பியல் கூடத்தில் அறுபத்திரண்டு நாள் ஒரு பீக்கர் கரைசலை அவள் அடைகாத்தாள். காற்றுப்பட்டால் கலங்குமென்று மின்விசிறியை அணைத்து, வியர்வையில் குளித்து, ஆடிப்பூரத் தேருக்கு ஊரெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் திரண்ட நாளிலும் இம்மியும் இடம்பெயராதிருந்த அத்தவத்தின் பயனாய், கட்டைவிரல் நகமளவில், கற்கண்டுபோல் ஒரு படிகம் விளைந்தது. கண்காணா அகச்சிவப்பு லேசர் அதனுள் புகுந்து பச்சையாய்ப் புறப்பட வேண்டும். புறப்பட்டால் ஆய்வேட்டில் ஐந்தாம் அத்தியாயம் உண்டு, டாக்டர் பட்டம் உண்டு. புறப்படாவிட்டால் ஆறாண்டும் வீண்.

அளக்கும் முறையோ கொடிது. பெற்றெடுத்த படிகத்தைப் பொடித்தே சோதிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, பச்சை உமிழ்வதில் பேர்போன கேடிபி என்னும் உப்பை, மார்ட்டர் என மாந்தர் வழங்கும் கல்வத்திலிட்டு முதலில் அரைத்து, கண்ணாடிக் குழாயில் அடைத்தாள். அடுத்து, அதே கல்வத்தில், பகைவர் மணிமுடியை நொறுக்கும் பாண்டியன்போல், தன் படிகத்தை ஒரு துணுக்கும் மிச்சமின்றி நொறுக்கித் தூளாக்கினாள்.

லேசரை ஓட்டும் சாரதியாகிய பால்பாண்டி பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, விளக்கை அணைத்து, "பாத்துக்கம்மா, சுடுதேன்" என்று முழங்கினார். கேடிபி பளீரெனப் பச்சை உமிழ்ந்தது. அது வழக்கந்தான். அடுத்து ஏறியது கனகலட்சுமியின் பொடி. அகச்சிவப்பு அம்பு பாய்ந்தது. மங்கலாய், நடுங்கி, ஆனாலும் ஐயமறப் பச்சை! அய்யனார் கோவில் அருவி உச்சந்தலையில் விழுந்ததுபோல் அவள் குளிர்ந்தாள். பட்டமளிப்பு அங்கி தோளில் தவழக் கண்டாள். அத்தைமார் வரிசையாய் நின்று வாயடைக்கக் கண்டாள். எண்திசையும் வெற்றிமுரசு அதிரக் கேட்டாள். ஆனந்தத்தில் அழுகையே வந்துவிட்டது.

பால்பாண்டி கண்ணாடியைக் கழற்றினார். "பச்ச ரொம்ப மங்கலா வருதே, கேடிபி தூசி ஒட்டியிருந்தாலும் இப்பிடித்தான் வரும். கேடிபி அரைச்ச பொறவு மார்ட்டரக் கழுவிட்டுத்தானம்மா ஒன்னோடத அரைச்ச?"

அவள் கழுவவில்லை.